நான்கு விரல் உயரமுள்ள சிலை

மே மாதம் இரண்டாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, தூத்துக்குடி முத்துப்படுகைக் கண்காணிப்பு அலுவலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். கண்காணிப்பாளர் கிருபாநிதி, தம் மேசையில். பதிவறை எழுத்தர் மாசானம், ஜன்னலோரம். உதவியாளர் சரண்யாதேவி, அன்று அதிசயமாக நேரத்துக்கு வந்திருந்தார். நான்காவது ஆள் புன்னைக்காயல் ரெக்சன். சங்கு குளிக்கும் பாஸைப் புதுப்பிக்க வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துணை இயக்குநர் பெவின் வரவில்லை. அவருடைய நாற்காலியில் வெள்ளைத் துண்டு மட்டும் போர்த்தியிருந்தது. துண்டையும் ஆளாகக் கணக்கில் சேர்க்கும் அலுவலகங்கள் உண்டு. இங்கே சேர்க்கவில்லை.

இந்த அலுவலகத்தின் பணி கடினமானது. இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அது நின்றுதான் இருக்கிறது என்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்து மேலிடத்துக்கு எழுத வேண்டும். ‘இவ்வாண்டும் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. காரணம் ஆய்வில் உள்ளது.’ அறிக்கை இவ்வளவுதான். இந்த இரண்டு வரியை எழுத மூன்று பேரும், எழுதியதைச் சரிபார்க்க ஒருவரும், சரிபார்த்ததைப் பார்வையிடச் சென்னை இயக்குநரகத்தில் இருபது பேரும் இருந்தார்கள். மிச்ச நேரத்தில் சங்கு குளிப்பவர்களுக்குப் பாஸ் கொடுப்பார்கள். நேரம் மிச்சப்படுவது அபூர்வம்.

கிருபாநிதிக்கு அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு. முப்பத்துநான்கு வருட வேலையில் அவர்மேல் ஒரு மெமோ கிடையாது. எந்தக் காகிதத்திலும் கடைசிக் கையெழுத்து தம்முடையதாக இல்லாமல் பார்த்துக்கொண்டதுதான் அதன் ரகசியம். நாசரேத்தில் வீடு கட்டியாகிவிட்டது. முருங்கை வைத்தாகிவிட்டது. காய்க்கவும் தொடங்கிவிட்டது. போய் உட்கார வேண்டியது மட்டும் பாக்கி.

ஆனாலும் அவருக்குப் பயம். அரசு ஊழியர் ஒருவர் இருக்கிறார் என்பதே அரசுக்கு ஞாபகம் வருவது அவர் ஓய்வு பெறும் நாளில்தான். கிருபாநிதியின் சிநேகிதர் ஒருவர், வேறு ஊரில், கழுத்தில் மாலையும் கையில் கேக் வெட்டும் கத்தியுமாக நின்ற நேரத்தில் உத்தரவு வந்தது. அவர் பொறுப்பில் இருந்த மர ஏணி ஒன்று தொண்ணூற்றாறாம் ஆண்டு முதல் காணவில்லை. ஆகவே விசாரணை முடியும்வரை ஓய்வு பெற அனுமதி இல்லை. கேக்கை மட்டும் வெட்ட அனுமதித்தார்கள்.

அதனால் மே மாதம் முழுவதும் எதையும் தொடக்கூடாது என்று கிருபாநிதி முடிவு செய்திருந்தார். அந்த மாதம் பிறந்து இரண்டாம் நாளே மாசானம் காலண்டரைத் தொட்டுவிட்டார்.

காலண்டர் பெவின் சார் கொண்டுவந்தது. பெவின் சாருக்கு வயது முப்பத்தொன்று. போன டிசம்பரில், அரசு ஊழியரின் மன அழுத்தத்தைப் போக்கும் பயிற்சி என்று கொடைக்கானலுக்கு மூன்று நாள் போய்வந்தார். போவதற்கு முன் அவருக்கு மன அழுத்தம் இல்லை. திரும்பி வரும்போது மூன்று சாமான்களோடு வந்தார். ஒன்று, கண்ணாடித் தம்ளரில் வளரும் மூங்கில். இரண்டு, எலும்பில்லாத ஒரு மெத்தை நாற்காலி. அதில் உட்கார்ந்த மாசானத்தை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மூன்று, இந்தக் காலண்டர்.

மேசைமேல் வைக்கும் சிறிய காகிதக் கட்டி அது. முந்நூற்று அறுபத்தைந்து தாள். ஒவ்வொரு தாளின் நடுவிலும் ஒரு வடிவத்தை நுணுக்கமாக வெட்டி வைத்திருந்தார்கள். தினம் மேல்தாளைக் கிழித்தால் ஓரம் கையோடு வந்துவிடும். நடுத்துண்டு கட்டியிலேயே நின்றுவிடும். அப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக நின்று நின்று வருடக் கடைசியில் ஒரு காகிதச் சிற்பம் முழுதாக வெளிவரும். என்ன சிற்பம் என்று பெட்டியில் போடவில்லை. ‘ஆண்டின் முடிவில் ஓர் ஆச்சரியம்’ என்று மட்டும் இருந்தது.

இயக்குநரகத்துக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. எல்லா அலுவலகங்களுக்கும் வாங்க முடியாது என்பதால் இந்த அலுவலகத்தை மட்டும் முன்மாதிரி அலுவலகம் ஆக்கினார்கள். தினமும் பத்தரை மணிக்குள் தாளைக் கிழித்துப் படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். படத்தில் தெரியும் தேதியே அலுவலகத்தின் தேதி. சுவர்க் காலண்டர், கைபேசி, சூரியன் ஆகியவை காட்டும் தேதிகள் தனிப்பட்ட கருத்துகளாகக் கொள்ளப்படும் என்று உத்தரவு வந்தது. ‘தினமும் தாளைக் கிழிக்கவும்’ என்று அலுவலகத்துக்குள் ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அன்று பெவின் சார் மூங்கிலுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். குறிப்பில் கிருபாநிதி கையெழுத்துப் போட்டார். முப்பத்துநான்கு வருடத்தில் அவர் போட்ட ஒரே கடைசிக் கையெழுத்து அதுதான்.

மே இரண்டாம் தேதி மாசானம், மே தின விடுமுறைக்கும் சேர்த்து இரண்டு தாளைக் கிழித்தார். கிழித்தவர் அப்படியே நின்றார்.

“சார், கொஞ்சம் இங்க பாருங்க. இதுக்குள்ள ஒரு ஆளு இருக்காரு.”

“யாரு?”

“தெரியல. தலை மட்டும் வந்திருக்கு. ரெண்டு கண்ணு இருக்கு. முடி இல்ல.”

நான்கு பேரும் குனிந்தார்கள். கட்டைவிரல் பருமனில் வழுவழுவென்று ஒரு தலை. இரண்டு பெரிய கண்கள் சற்றே சோகமாகப் பார்த்தன.

“யாரோ பெரிய மனுசன் அண்ணாச்சி,” என்றார் ரெக்சன். “வழுக்கையைப் பாத்தாலே தெரியுதே.”

சரண்யாதேவி சிலையைப் பார்த்தார். கிருபாநிதியின் தலையைப் பார்த்தார். பிறகு தம் கோப்பைப் பார்த்தார். கிருபாநிதியின் கை தானாக உச்சந்தலைக்குப் போய்த் தடவிவிட்டு வந்தது.

“சார், அரசாங்கக் கட்டடத்துக்குள்ள சிலை வைக்க முன்அனுமதி வேணும்லா?” என்றார் மாசானம்.

“இது காலண்டர்வே.”

“நேத்து வரைக்கும் காலண்டர். தலை வந்துட்டுல்லா, இனிமே சிலை. எவ்வளவு உயரமானாலும் சரி, எதுல செஞ்சாலும் சரின்னு உத்தரவுல இருக்கு. நான்தான கோத்து வச்சேன்.”

“வச்சது யாரு? பெவின் சார்.”

“வச்சது அவுக. கிழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நீங்க.”

கிருபாநிதி உட்கார்ந்தார். மர ஏணி அவர் கண்முன் வந்து நின்றது.

“இன்னும் கிழிச்சா?”

“சிலை வளரும். அனுமதி இல்லாத கட்டுமானம்.”

“கிழிக்காட்டி?”

“தேதி நிக்கும் சார்.”

“நிக்கட்டும்,” என்றார் கிருபாநிதி. தேதி நின்றதற்காக இதுவரை யாரும் மெமோ வாங்கியதில்லை.

பெஞ்சில் இருந்து ரெக்சன் எழுந்தார். “அண்ணாச்சி, என் பாஸு?”

“நாளைக்கு வாரும்.”

பதினொன்றரைக்கு வந்த பெவின் சார் காலண்டரைப் பார்த்துக் கைதட்டினார். “சூப்பர் சார்! ஸ்டாஃப் எல்லாரும் ஒரு பொருளைச் சுத்தி நிக்கிறீங்க பாருங்க, இதுதான் டீம் ஸ்பிரிட். கொடைக்கானல்ல இதைத்தான் சொன்னாங்க.”

“சார், இது சிலைன்னு மாசானம் சொல்லுதாரு.”

“சிலையா?” பெவின் சார் கைதட்டுவதை நிறுத்தினார். “யாரோட சிலை?”

“தெரியலையே சார்.”

“தெரியாத ஆளோட சிலைன்னா ரிஸ்க் சார். தெரிஞ்ச ஆளா இருந்தா அதைவிட ரிஸ்க். கட்டடப் பிரிவுக்கு எழுதிருங்க.”

எழுதினார்கள். கட்டடப் பிரிவில் இருந்து எட்டுக் கேள்விகள் வந்தன. சிலையின் உயரம்? நான்கு விரல். பீடம்? மேசை. சிலை பார்க்கும் திசை? காலையில் கிழக்கு, துடைக்கும் அம்மா மேசையைத் துடைத்த பிறகு தெற்கு. வெண்கலமா, சிமெண்டா? காகிதம். காகிதம் என்ற இனமே அவர்கள் அட்டவணையில் இல்லாததால் ‘சிமெண்ட் – இதர’ என்று கொண்டு, ஒப்புதலின்றி எழும்பிவரும் மேற்படி சிலையின் கட்டுமானப் பணியை உடனே நிறுத்த உத்தரவிட்டார்கள். உத்தரவின் நகலைச் சிலையின்மேல் ஒட்ட வேண்டும் என்பது விதி. நகல் சிலையைவிட ஆறு மடங்கு பெரிதாக இருந்ததால் சிலையைத் தூக்கி நகலின்மேல் வைத்தார்கள்.

மறுநாள் கம்பிக் கூண்டு வந்தது. நம் ஊரில் சிலை என்றால் கூண்டு உண்டு; அதில் சின்னது பெரியது பார்ப்பதில்லை. ஒரு சாண் உயரத்தில், சிவப்புப் பெயிண்ட் அடித்து, முன்பக்கம் கதவு வைத்து, அழகாகத்தான் இருந்தது. பூட்டுத்தான் கூண்டைவிடக் கொஞ்சம் கனம். பூட்டைத் தொங்கவிட்டதும் கூண்டு முன்பக்கம் சாய்ந்தது. பின்பக்கம் மாசானம் பழைய அரசாணைத் தொகுதி ஒன்றை எடையாக வைத்தார். திறப்பு நாள்வரை முகம் தெரியக்கூடாது என்பதால் துணை இயக்குநரின் நாற்காலித் துண்டை எடுத்துப் போர்த்தினார்கள். சாவி பெவின் சாரிடம்.

ஆக, அலுவலகத்தில் மே இரண்டாம் தேதி நிலைத்து நின்றது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தார்கள், பிடித்திருந்தது. மாசானம் ஏரலுக்குப் பக்கத்தில் உள்ள தம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நான்கு நாள் போய்வந்தார். திரும்பியபோதும் அலுவலகத்தில் மே இரண்டாகவே இருந்ததால் விடுப்பு எழுத இடமில்லை. சரண்யாதேவி மே இரண்டாம் தேதிக்கு ஏற்கெனவே நேரத்தோடு வந்து கையெழுத்துப் போட்டிருந்தார். ஆகவே அதன்பிறகு எத்தனை மணிக்கு வந்தாலும் அவர் நேரத்துக்கு வந்தவரே. சென்னையில் இருந்து மே பதினைந்தாம் தேதியிட்ட கடிதம் ஒன்று வந்தது. இன்னும் வராத நாளில் எழுதிய கடிதத்தை வாங்க விதியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சென்னையில் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள்.

பிடிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் ரெக்சன். அவர் தினமும் வந்தார்.

“அண்ணாச்சி, நீங்க நாளைக்குன்னு சொன்னிய. எந்த நாளைக்கு?”

“மூணாம் தேதி.”

“வெளிய இன்னைக்கு இருவது.”

“உள்ள ரெண்டு.”

“அப்ப வாசல்ல நிக்க எனக்கு என்ன தேதி?”

இதற்கு விதியில் பதில் இருக்கிறதா என்று மாசானம் மத்தியானம் வரை தேடினார். இல்லை.

இன்னொருவர் கிருபாநிதி. வீட்டுத் தேதிப்படி அவர் ஓய்வு பெறப் பதினொரு நாள் இருந்தது. அலுவலகத் தேதிப்படி இருபத்தொன்பது நாள் இருந்தது. மறுநாளும் இருபத்தொன்பது நாள்தான் இருந்தது. ஓய்வு ஆணையோடு மே முப்பத்தொன்று என்று காட்டும் காலண்டர் படத்தை இணைக்க வேண்டும். இணைக்காத ஆணை செல்லாது என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள்.

நாசரேத்தில் இருந்து மனைவி ஜெபசெல்வி போன் செய்தார். “ஏங்க, பந்தலுக்குச் சொல்லியாச்சி. சர்ச் ஐயரு வந்து ஜெபம் பண்ணுதேன்னு சொல்லிட்டாவ. ஒண்ணாந் தேதி வந்துருவியள்ளா?”

“முப்பத்தொண்ணு வந்தா நான் வந்துருவேன்.”

“அது வராம எங்க போவும்?”

“ஆபீசுல கூண்டுக்குள்ள இருக்கு.”

“வெயில்ல அலையாதிய. மோரு குடிங்க,” என்று சொல்லி ஜெபசெல்வி போனை வைத்துவிட்டார்.

சிலை என்று ஒன்று கூண்டில் இருந்தால் அதற்கு உரியவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். முதலில் வந்தவர் கடலோரக் குடிகள் முன்னேற்றப் பேரவையின் செயலாளர் தேவதாசன். துண்டை விலக்கி ஒரு கண்ணால் பார்த்தார். மறு கண்ணில் நீர் வந்தது. “எங்க ஸ்தாபகர்!” என்றார். அடுத்து உப்பு வியாபாரிகள் நலச் சங்கத் தலைவர் ராஜதுரை வந்தார். அவர் இரண்டு கண்ணாலும் பார்த்து, “எங்க ஸ்தாபகர்!” என்றார். இரண்டு ஸ்தாபகர்களும் இப்போது இல்லை. இருந்த காலத்தில் இருவருக்கும் முடி இல்லை. வந்த இருவரும் சிலை தங்கள் ஸ்தாபகர்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள்.

பெவின் சார் அமைதிக் கூட்டம் கூட்டினார். எல்லோரையும் கண்ணை மூடி மூன்று முறை மூச்சு இழுத்து விடச் சொன்னார். மூச்சு விட்ட பிறகும் சண்டை தொடர்ந்தது.

“எங்க ஸ்தாபகரைக் காலண்டர்ல சிறை வச்சிருக்கீங்க,” என்றார் தேவதாசன்.

“உங்க ஸ்தாபகருக்கு மீசை உண்டுவே,” என்றார் ராஜதுரை.

“மீசை கீழதான் வரும். இன்னும் கிழிக்கல்லா?”

“கிழிச்சுப் பாத்துருவோம்.”

கிருபாநிதி இந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தார். முன்னமே எழுதி வைத்திருந்த தீர்மானத்தை எடுத்து வாசித்தார். சிலை இன்னார் என்று அறியும் பொருட்டு, கட்டுமான நோக்கமின்றி, ஆய்வு நோக்கில் மட்டும், மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி தெரியும் வரையில் தாள்களைக் கிழிக்கலாம். கண்காணிப்பாளர் கிழிப்பார். அனைவரும் கையெழுத்திட்டார்கள். கிருபாநிதி இரண்டாவதாகப் போட்டார்.

வெளியே மே முப்பத்தொன்று வந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலகத்தில் ஏழு பேர். பெவின் சார் புது வெள்ளை ஷூ போட்டிருந்தார். மேசையில் பிரிவுபசாரத்துக்கு ஒரு மாலை, மிக்சர், இரண்டு பெட்டி மக்ரூன். தேவதாசனும் ராஜதுரையும் ஆளுக்கொரு மாலையோடு வந்திருந்தார்கள். சட்டைப் பொத்தான் அளவுக் கழுத்துக்கு ஏற்ற மாலை. ரெக்சன் பாஸுக்காக வந்து, மக்ரூனுக்காக உள்ளே வந்திருந்தார்.

கூண்டைத் திறந்தார்கள். கிருபாநிதி கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிழித்தார். இருபத்தொன்பது தாள். மீசை வரவில்லை. கழுத்தும் வரவில்லை. தலைக்குக் கீழே நேரே உடம்பு. அதன் இரண்டு பக்கமும் மேல்நோக்கித் தூக்கிய இரண்டு கை. மேல்தாளில் மே முப்பத்தொன்று.

“போதும் சார்,” என்றார் மாசானம். “உங்க நாள் வந்துட்டு. தாயி, போட்டோ எடு.”

சரண்யாதேவி கைபேசியை எடுத்தார். ஒரு படம். அது போயிருந்தால் கிருபாநிதி ஆறு மணி நாசரேத் பஸ்ஸைப் பிடித்திருப்பார்.

“பாத்தியளா!” என்று தேவதாசன் கத்தினார். “மேடையில எங்க ஸ்தாபகர் இப்படித்தான் ரெண்டு கையையும் தூக்குவாரு!”

“எங்க ஸ்தாபகர் கும்பிடும்போது இப்படித்தான்!” என்றார் ராஜதுரை.

கிருபாநிதி இருவரையும் கவனிக்கவில்லை. அவர் சிலையையே பார்த்தார். வழுக்கை. கழுத்து இல்லாமை. தூக்கிய இரண்டு கை. நாசரேத் சர்ச் பாடகர் குழுவை இருபது வருடமாக அவர் இப்படித்தான் நின்று நடத்திவருகிறார். முப்பத்துநான்கு வருடம் ஒருவர் உழைத்தால், அலுவலகம் அவருக்குத் தெரியாமல் ஒரு ஏற்பாடு செய்யாதா என்ன? ஜனவரியிலேயே பெவின் சார் தம்மைப் பார்த்துச் சிரித்தாரே. சென்னையில் இந்தக் காலண்டரை எதற்காக அவ்வளவு பிடித்துப் போயிற்று? அவர் கை அவர் உத்தரவு இல்லாமல் தாளின் மூலையைப் பிடித்தது.

“சார், மொதல்ல போட்டோ…” என்றார் சரண்யாதேவி.

கிழித்தார். மே முப்பத்தொன்று தரையில் விழுந்தது.

“சார், நீங்க ரிட்டயர்டு ஆயாச்சு,” என்றார் மாசானம், பதறிப்போய். “இனிமே நீங்க கிழிச்சா அது பொதுமக்கள்ல ஒருத்தர் அரசாங்கச் சொத்தைக் கிழிச்சதா ஆவும்.”

“முகம் தெளிவாத் தெரியட்டும்வே,” என்றார் கிருபாநிதி. அதற்குள் ஜூன் பாதி போயிருந்தது.

அப்புறம் ஒருவர் கிழித்தார் என்று சொல்ல முடியாது. தேவதாசன் ஒரு பக்கம் பிடித்தார், ராஜதுரை ஒரு பக்கம் பிடித்தார். பெவின் சார், “மெதுவா, மைண்ட்புல்லா கிழிங்க,” என்று சொல்லிக்கொண்டே தாமும் கிழித்தார். ஜூலையில் மூன்றாவது கையும் நான்காவது கையும் வந்தன.

ரெக்சன் சிலுவை போட்டுக்கொண்டார். “சம்மனசு! ரெண்டு கை, ரெண்டு ரெக்கை.”

“ரெக்கை இல்லவே, கை,” என்று மாசானம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நாலு கை இருந்தா சாமிதான். அந்த மிக்சரை அங்கன தள்ளி வையுங்க.”

செப்டம்பரில் ஆறு கை ஆயிற்று.

“ஏன் சார்,” என்று சரண்யாதேவி தேவதாசனிடம் பணிவாகக் கேட்டார், “உங்க ஸ்தாபகருக்கு எத்தனை கை?”

தேவதாசன் யோசித்தார். “பல கையால உதவி செஞ்சவரு.”

“எங்க ஸ்தாபகர் அதுக்கும் மேல,” என்றார் ராஜதுரை.

நவம்பரில் எட்டு. டிசம்பரில் எட்டுக் கையும் நெளிந்து கீழே பரவின. அவற்றின் அடிப்பக்கம் வரிசையாக வட்ட வட்டக் குழிகள். கடைசித் தாளும் வந்துவிட்டது. ஏழு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஏழு பேரும் இந்தக் கடற்கரைப் பக்கத்துக்காரர்கள். மீன் சந்தைக்குப் போகாதவர் ஒருவரும் இல்லை.

“பேய்க்கணவாய்,” என்றார் ரெக்சன்.

தேவதாசன் கையில் இருந்த மாலையை மெல்லச் சட்டைப் பைக்குள் வைத்தார். ராஜதுரை தம் மாலையைத் தம்ளர் மூங்கிலுக்குப் போட்டார். கிருபாநிதி தூக்கிய கைகளை மறுபடி ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டுத் தம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முதலில் விழித்துக்கொண்டவர் பெவின் சார். “சார், இந்த ஆக்டோபஸ் என்ன தின்னும்?”

“நண்டு,” என்றார் ரெக்சன். “சிப்பி. முத்துச்சிப்பின்னா விடவே விடாது.”

பெவின் சார் முகம் வெளுத்தது. அறுபது வருடமாக ஆய்வில் இருக்கும் காரணம், முத்துச்சிப்பியின் விரோதி, முத்துப்படுகைக் கண்காணிப்பு அலுவலகத்தில், கண்காணிப்பாளர் மேசையில், கூண்டு போட்டு, துண்டு போர்த்தி, ஐந்து மாதம் வளர்க்கப்பட்டிருக்கிறது. ஓய்வு ஆணைக்கான படத்தை ஐந்து மணிக்குள் சென்னைக்கு அனுப்ப வேண்டும். இப்போது எடுத்தால் படத்தில் தேதி இருக்காது, கணவாய்தான் இருக்கும்.

“அந்த உறுதிமொழிப் பத்திரத்தைத் திருப்பித் தந்துருங்க,” என்றார் தேவதாசன்.

“அது பதிவாயிட்டு,” என்றார் மாசானம். “ரெண்டு ஸ்தாபகரும் இதுதான்னு சீல் வச்சாச்சு.”

அந்த ஊரில் அதுவரை நடந்த எந்த அமைதிக் கூட்டத்திலும் இல்லாத ஒற்றுமை அப்போது வந்தது. கணவாயை யாரும் பார்க்கவில்லை. கிழித்ததையெல்லாம் வரிசைப்படி திரும்ப ஒட்டி, மே முப்பத்தொன்று மேலே தெரியும்படி மூடிவிடுவது. படம் போய்விடும். கிருபாநிதி சாரும் போய்விடுவார். தீர்மானம் ஒரு நிமிடத்தில் நிறைவேறியது.

மைதா மாவுப் பசை வந்தது. ஏழு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். டிசம்பர் முப்பத்தொன்றில் இருந்து தொடங்கினார்கள். சரண்யாதேவி தேதி சொன்னார், ராஜதுரை தேடிக் கொடுத்தார், தேவதாசன் பசை தடவினார், மாசானம் கணவாயின் தலைவழியாகச் சட்டை மாட்டுவதுபோல் மாட்டினார். ரெக்சன் ஓரத்தை அமுக்கினார். நவம்பர் மூடியது. ஆகஸ்ட் மூடியது. கை எட்டு, ஆறு, நாலு, இரண்டு என்று உள்ளே போய்விட்டது. நாலே முக்காலுக்கு ஜூன் ஒன்றை ஒட்டினார்கள்.

“மே முப்பத்தொண்ணு,” என்றார் சரண்யாதேவி.

ராஜதுரை தேடினார். மேசைக்கு அடியில் பார்த்தார். கிருபாநிதி முழங்காலில் நின்று மெத்தை நாற்காலிக்குள் கைவிட்டுப் பார்த்தார். மக்ரூன் பெட்டிக்குள் பார்த்தார்.

“சார்,” என்றார் மாசானம், பசையைத் துண்டில் துடைத்தபடி. “ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன். நீங்க போயிட்டா, டிசம்பர்ல இது மறுபடி வெளிய வரும்போது பதில் சொல்லுறது யாரு?”

மாசானம் அந்தக் கேள்வியைக் கேட்கும் முன்பே ஆறு பேரும் அதே யோசனையில் இருந்தது தெரிந்தது. சரண்யாதேவி ஏதோ ஞாபகம் வந்தவர்போல மேசை டிராயரைத் திறந்து, ரெக்சனின் பாஸை எடுத்து, ஜூன் ஒன்று என்று தேதி போட்டு நீட்டினார். ரெக்சன் வாங்கிக்கொண்டு ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

“மே முப்பத்தொண்ணு வராத ஆபீசுல மே முப்பத்தொண்ணுல ஒருத்தர் ரிட்டயர்டு ஆக முடியாது சார்,” என்றார் பெவின் சார், வருத்தமாகவே. “அடுத்த வருஷம் வரும்ல. ஸ்ட்ரெஸ் ஆகாதீங்க.”

கிருபாநிதி முழங்காலில் இருந்தபடியே தலையைத் தாழ்த்தினார். தாழ்த்தியபோது தெரிந்தது. பெவின் சாரின் வலதுகால் வெள்ளை ஷூவுக்கு வெளியே ஒரு தாளின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மூன்று என்ற எண் தெரிந்தது. அதன் பக்கத்து ‘ஒன்று’ ஷூவுக்கு அடியில் இருந்தது.

“சார், கால்…” என்று தொடங்கினார்.

நிறுத்திக்கொண்டார். மேலதிகாரியைக் காலைத் தூக்கும்படி கீழ்நிலை அலுவலர் வாயால் கேட்க விதியில் இடமில்லை. எழுத்துமூலம் கேட்கலாம். ஆனால் கடிதத்துக்கு இன்றைய தேதி போட வேண்டும்.

ஒட்டியவை இருநூற்றுப் பதினான்கு. மீதி ஒன்று.